அலுவல் மிகுந்த வாழ்வும் தேகாப்பியாசமும்

கல்லூரி விழாக்களிற் பழைய மாணவர் ஒன்றுகூடும்போது எவரும் எளிதிற் காணத்தக்க காட்சியொன்றுண்டு. முன்னாளில் உதைபந்தாட்ட அணியின் முன்வரிசையில் நின்று எதிரணியினரைத் திணறடித்த வீரர், இன்று மண்டபத்தின் ஆறு படிகளை ஏறி முடித்ததும், அருகிலுள்ள நாற்காலியை நாடி அமர்ந்து நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொள்கின்றார். அவர் அணிந்துள்ள சட்டையின் கீழ்ப்பொத்தான்கள் படும் பாட்டைக் கண்டு பழைய தோழர்கள் பகிடி பண்ணத் தவறுவதில்லை. பகிடி பண்ணுவோரின் பொத்தான்களும் பெரும்பாலும் அதே நிலையில் இருப்பதனால், அவ்விடயம் விரைவில் மறக்கப்பட்டு, எல்லோரும் தேநீருக்கும் வடைக்கும் எழுந்து செல்கின்றனர்.

இத்தகையோரிடம் தேகாப்பியாசத்தைப் பற்றி வினவின், "நேரம் எங்கே இருக்கின்றது?" என்னும் விடையே எங்கும் வரும். இவ்விடையைச் சோம்பேறியின் சாட்டு என்று தள்ளிவிடுதல் நேர்மையன்று. ஆசிரியர் ஒருவர் காலை 7.30 மணிக்கு முன்னரே பாடசாலையில் இருத்தல் வேண்டும். பாடசாலை விட்டபின் மேலதிக வகுப்பு, அதன்பின் தம் பிள்ளைகளின் படிப்பு, இரவிலே திருத்த வேண்டிய விடைத்தாள்கள். கந்தோர் உத்தியோகத்தர் காலை 8.30 முதல் மாலை 4.15 வரை நாற்காலியை விட்டெழுவது அரிது. கொழும்பில் உள்ளவருக்குக் காலி வீதி நெரிசலிற் கழியும் காலம் வேறு. ரொறன்ரோவிலும் இலண்டனிலும் வாழும் நம்மவர் பலர் பனிக்காலத்திற் சூரியன் தோன்றுமுன் வேலைக்குச் சென்று, மறைந்த பின்னர் வீடு திரும்புகின்றனர். இத்தகையோரை நோக்கி நாள்தோறும் ஒரு மணி நேரம் உடற்பயிற்சிக் கூடத்திற் செலவிடுமாறு உபதேசிப்பது காற்றுக்கு உரைப்பதாகும். எனவே, புதிதாக நேரம் தேடுவதை விட்டு, இருக்கின்ற நாளினுள்ளேயே உடலசைவை மீட்டெடுத்தல் இயலுமா என்பதையே ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

பழைய மாணவரைப் பற்றியே நிகழ்ந்த ஆராய்ச்சியொன்று இத்துறையிற் பெரும் பெயர் பெற்றது. ஐக்கிய அமெரிக்காவிலுள்ள ஹாவாட் பல்கலைக்கழகத்தில் 1916 முதல் 1950 வரையுள்ள காலப்பகுதியிற் சேர்ந்து படித்தவருள் 16,936 பேரை, றால்ப் பஃபன்பாகர் என்னும் வைத்திய ஆராய்ச்சியாளரும் அவர்தம் துணைவரும் கடித மூலம் வினாவினர். நாள்தோறும் எத்தனை படிகள் ஏறுகின்றீர், எவ்வளவு தூரம் நடக்கின்றீர், எவ்விளையாட்டை எவ்வளவு நேரம் ஆடுகின்றீர் என்பனவே அவ்வினாக்கள். பின் பல ஆண்டுகளாக, யார் யாருக்கு மாரடைப்பு நேர்ந்தது என்பதைப் பதிந்து வந்தனர். 1978ஆம் ஆண்டில் வெளியான முடிவின்படி, வாரத்தில் 2,000 கலோரிக்குக் குறைவாக உடலசைவிற் செலவிட்டோருக்கு, அதற்கு மேற் செலவிட்டோரைக் காட்டிலும் மாரடைப்பு அபாயம் 64 சதவீதம் மிகுந்திருந்தது. 2,000 என்னும் எண் எவரையும் அச்சுறுத்த வேண்டியதில்லை. வாரத்துக்கு 500 கலோரிக்குக் குறைந்த நிலையிலிருந்து மேலே செல்லச் செல்ல மரண வீதம் படிப்படியாகக் குறைந்து வந்தது என்று அதே கூட்டத்தார் 1986இல் எழுதினர். சிறிதளவு கூடுதலுக்கும் பயன் உண்டு என்பது இதன் கருத்து.

நமக்கு மிக வேண்டிய செய்தி இனித்தான் வருகின்றது. இவருள் யார் யார் கல்லூரிக் காலத்தில் விளையாட்டு வீரராய் விளங்கினர் என்பதைப் பல்கலைக்கழகப் பதிவேடுகள் காட்டின. அவ்வீரர்கள் பிற்காலத்தில் அசைவின்றி அமர்ந்துவிட்டபோது, முன்னைய விளையாட்டு அவர்களைக் காக்கவில்லை. மாறாக, படிக்கும் காலத்தில் ஆடுகளத்தின் பக்கமே தலைவைத்துப் படுக்காத புத்தகப் பூச்சிகள், நடுவயதில் நடக்கவும் படியேறவும் தொடங்கியபோது நற்பயன் எய்தினர். கண்ணாடி அலுமாரியிலுள்ள கிண்ணங்களைக் காட்டி இருதயத்தை ஏமாற்ற இயலாது போலும். பஃபன்பாகர் தாமும் நாற்பதைக் கடந்த பின்னரே ஓடப் பழகி, அதன்மேற் பல மரதன் ஓட்டங்களை ஓடியவர்.

படியேறுதலும் நடத்தலும் தேகாப்பியாசம் ஆகுமா என்று ஐயுறுவோர் உளர். வெண்ணிறக் காற்சட்டை அணிந்து, மைதானத்தில் வரிசையாக நின்று, விசில் ஊதியதும் கைகளை உயர்த்தினாலன்றி அது தேகாப்பியாசம் அன்று என்ற எண்ணம் பாடசாலைக் காலத்திலிருந்து நம்முடன் தொடர்கின்றது. இவ்வையத்தைப் போக்குதற்கு இரண்டு தொழிலிடங்களைச் சென்று பார்த்தல் நன்று. ஒன்று இலண்டன் மாநகரத்துப் பஸ் வண்டி. மற்றையது வங்காளத்துச் சணல் ஆலை.

இலண்டனில் ஜெரமி மொறிஸ் என்னும் வைத்தியர், இரட்டைத்தட்டுப் பஸ் வண்டிகளில் வேலை செய்தோரை ஆராய்ந்து 1953இல் தம் முடிவை வெளியிட்டார். சாரதியும் நடத்துநரும் ஒரே வண்டியில், ஒரே தெருக்களில், ஒரே புகையைச் சுவாசித்துப் பணி செய்பவர்கள். சாரதி நாள் முழுவதும் அமர்ந்திருப்பார். நடத்துநர் சீட்டு வழங்குதற்காக மேல்தட்டுக்கு ஏறியும் இறங்கியும் நாளொன்றில் நூற்றுக்கணக்கான படிகளைக் கடப்பார். இருதயநோய் நடத்துநர்களிடம் குறைவாகவும், வந்தவிடத்தும் கடுமை குறைந்ததாகவும் இருந்தது. கடிதங் காவிச் செல்லும் தபாற்காரருக்கும் தபாற்கந்தோரில் அமர்ந்திருந்தோருக்குமிடையே இவ்வாறான வேறுபாடே காணப்பட்டது. மொறிஸ் நேர்மையான அறிஞர். பருத்தவர்களே சாரதி வேலையை நாடி வந்திருக்கலாமன்றோ என்று தம்மைத் தாமே மறுத்து வினாவி, அவர்களுக்கு வழங்கப்பட்ட சீருடைகளின் அளவுக் குறிப்புகளைத் தேடியெடுத்துப் பார்த்தார். சாரதிகளின் காற்சட்டை இடையளவு வேலையிற் சேர்ந்த காலத்திலேயே சற்றுப் பெரிதாய் இருந்ததை 1956இல் அவரே எழுதி வெளியிட்டார். ஆகவே வேறுபாடு முழுவதையும் படிகளின் கணக்கில் எழுதிவிடுதல் முறையன்று. எனினும் பின்வந்த எத்தனையோ ஆராய்ச்சிகள் அவர் காட்டிய திசையிலேயே சென்றன. மொறிஸ் 2009இல், நூறாவது வயதை எட்டிப் பார்க்கும் தறுவாயிற் காலமானார்.

வங்காளத்து ஆராய்ச்சி நம் பிராந்தியத்தைச் சார்ந்தது. உணவையும் சேர்த்துக் கணித்தது. கல்கத்தாவை அடுத்த ஆலையொன்றின் 213 தொழிலாளரின் உணவையும் எடையையும் வேலையின் கடுமையையும் ஜீன் மேயர் என்னும் உணவியல் அறிஞரும் இந்திய ஆராய்ச்சியாளரும் சேர்ந்து அளந்து, 1956இல் முடிவை வெளியிட்டனர். ஆலைக்குள் கடை வைத்து நாள் முழுதும் அமர்ந்திருந்தோர், மேற்பார்வையாளர், எழுதுவினைஞர், சாரதிகள், இயந்திரத் தொழிலாளர், சுமை காவுவோர் எனப் பலதரத்தார் அங்கு இருந்தனர். சுமை காவுவோர் மிகுதியாக உண்டனர், அது இயல்பு. இலேசான வேலை செய்வோர் அதற்கேற்பக் குறைவாக உண்டனர், அதுவும் இயல்பே. வியப்பு யாதெனில், எவ்வித அசைவுமின்றி அமர்ந்திருந்தோர் மேலும் குறைவாக உண்ணவில்லை. இலேசான வேலை செய்தோரைக் காட்டிலும் அவர்கள் மிகுதியாக உண்டு, எடையும் மிகுந்திருந்தனர். வேலைக்கேற்ற அளவிற் பசியை எழுப்பும் உள்ளிருக்கும் துலாக்கோல், உடலசைவு ஒரு மட்டத்துக்குக் கீழே போனதும் சரிவரத் தொழிற்படுவதில்லை என்று மேயர் கருதினார். கதிரையில் அமர்ந்தவாறே பிற்பகல் மூன்று மணிக்கு ஏதேனும் கொறிக்க விரும்பும் நம் கந்தோர்த் தோழர்களை அறிந்தோர்க்கு இம்முடிவு புதுமையாய்த் தோன்றாது.

இத்தகைய அசைவு நம் வாழ்வில் முன்பு இருந்தது. கிணற்றிலே கப்பியில் வாளியிறக்கி நீர் அள்ளிக் குளித்தோம். நீரிறைக்கும் இயந்திரம் அதனை எடுத்துக்கொண்டது. துவிச்சக்கர வண்டியிற் கல்லூரிக்குச் சென்றோம். மோட்டார் சைக்கிள் அதனை எடுத்துக்கொண்டது. 1990ஆம் ஆண்டினை அடுத்து வந்த போர்க்காலத்தில், எரிபொருட் தடையினால் யாழ்ப்பாணம் முழுவதும் துவிச்சக்கர வண்டியிலேயே ஓடியது. அக்காலத்தை நன்றென்று போற்றுவோர் அதிற் பசியும் அச்சமும் கலந்திருந்ததை மறந்தவராவர். வறுமையால் மெலிந்த உடலை ஆரோக்கியத்துக்கு உதாரணமாகக் காட்டுதல் தகாது. 2022இல் எரிபொருள் அரிதாகியபோதும் நாடெங்கும் துவிச்சக்கர வண்டிகள் தெருவுக்கு வந்தன. வரிசைகள் மறைந்ததும் அவற்றிற் பல மீண்டும் தாழ்வாரத்துக்குச் சென்றன. இம்முறை எவரும் கட்டாயப்படுத்தாமலே அவற்றை வெளியே எடுத்தல் கூடுமா என்பதே வினா.

உடற்கொழுப்பைக் குறைத்தலைப் பற்றி இனிக் கூறுவோம். இவ்விடத்திலேதான் பலரும் ஏமாற்றமுற்றுத் தேகாப்பியாசத்தை அடியோடு கைவிடுகின்றனர். ஒருவர் மாதமொன்று தவறாது நடக்கின்றார், தராசில் ஏறி நிற்கின்றார், முள் அசையவில்லை. நடந்ததெல்லாம் வீண் என்று கருதிப் பழையபடி கதிரையை நாடுகின்றார். அவர் இரண்டு கணக்குகளை ஒன்றாகக் கலந்துவிட்டார். கொழுப்பைக் குறைப்பதில் முதலிடம் உணவுக்கே உரியது. உடலசைவு அதற்குத் துணைபுரியும். ஆயின் அதன் பெரும் பயன் வேறிடத்தில் உள்ளது.

எண்கணிதம் இதனைத் தெளிவாக்கும். ஒரு கிலோகிராம் உடற்கொழுப்பில் ஏறத்தாழ 7,700 கலோரி அடங்கியுள்ளது. எழுபது கிலோகிராம் எடையுள்ள ஒருவர், மணிக்கு ஐந்து கிலோமீற்றர் வேகத்தில் அரைமணி நேரம் நடந்தால் 120 கலோரி அளவு செலவாகும். சும்மா அமர்ந்திருந்தாலும் செலவாகும் பங்கைக் கழித்தால், நடையினால் மிகையாகச் செலவானது 85 அளவே. நாள்தோறும் இவ்வாறு நடந்தால், வேறெதையும் மாற்றாதவிடத்து, ஒரு கிலோகிராம் குறைய மூன்று மாதம் செல்லும். இனித் தேநீரைப் பார்ப்போம். ஒரு கோப்பைக்கு இரண்டு தேக்கரண்டி சீனி இட்டு நாளுக்கு நான்கு கோப்பை அருந்துபவர், சீனியால் மாத்திரம் 160 கலோரி அளவு பெறுகின்றார். அரைமணி நேர நடையை இரண்டு கோப்பைத் தேநீரின் சீனி ஏறக்குறைய ஈடுசெய்துவிடும். நடைக்குப் பின் களைப்பு நீங்கவென்று இன்னுமொரு தேநீரும் வடையும் உட்கொண்டால் கணக்கு எப்பக்கம் சாயும் என்பதை நாம் கூற வேண்டியதில்லை.

ஆகவே அலுவல் மிகுந்தவருக்குக் கொழுப்பைக் குறைக்கும் வழி நேரத்தைக் கேட்பதன்று. தேநீரிற் சீனியை விடுதற்கு ஒரு நிமிடமும் செலவாவதில்லை. இரவுச் சாப்பாட்டில் ஓர் அகப்பைச் சோற்றைக் குறைத்தால், நூறு கிராம் சோற்றுக்கு 130 கலோரி வீதம், அதுவும் கணக்கிற் சேரும். நடை, சீனி, சோறு ஆகிய மூன்றும் கூடினால் நாளுக்கு 375 கலோரி. இருபது நாளில் ஒரு கிலோகிராம் என்பது கடதாசிக் கணக்கு. எடை குறையக் குறைய உடலின் செலவும் குறைவதால் உண்மையில் அதனினும் மெதுவாகவே நிகழும். நம் உணவுத் தட்டைப் பற்றியும் ஒரு சொல் கூறல் வேண்டும். நடுவிலே சோறு மலைபோல் எழுந்து நிற்க, அதன் அடிவாரத்திற் கறிகள் ஒதுங்கிக் கிடப்பது நமது வழக்கம். கீரையும் கத்தரியும் முருங்கையும் தட்டிற் பாதியைப் பிடிக்க, பயறு, கடலை, பருப்பு, தயிர் ஆகியவை, மச்சம் உண்போருக்கு மீன், போதிய அளவு சேர, எஞ்சிய காற்பங்கில் சோறு அடங்குமாயின், வயிறு நிறையும். விரைவிற் பசிக்கவும் மாட்டாது. தேங்காய்ப்பால் இடுவதில் தாராளம் காட்டுவோர், கொழுப்பானது மாப்பொருளைப் போல இரு மடங்குக்கு மேற்பட்ட கலோரியை உடையது என்பதை நினைவிற் கொள்ளல் நலம். திருக்குறளில் மருந்து என்னும் அதிகாரத்திற் பெரும்பகுதி மூலிகைகளைப் பற்றியன்றி உண்ணும் அளவைப் பற்றியே பேசுவதை நம் மாணவர் அறிவர்.

வியர்வை மிகுதியாய் வந்தாற் கொழுப்புக் கரைந்ததென்று மகிழ்வோரும் நம்மிடையே உளர். தடித்த சட்டை அணிந்து வெயிலில் ஓடுவதும், வயிற்றைச் சுற்றி இறுக்கமான பட்டி கட்டுவதும் இதனாலேயே. வியர்வையால் இழப்பது நீர். இரண்டு குவளை அருந்தியதும் அது மீண்டுவிடும். கொழுப்பு எங்கே செல்கின்றது என்பதை 2014இல் அவுஸ்திரேலிய அறிஞர் இருவர் கணித்துக் காட்டினர். பத்துக் கிலோகிராம் கொழுப்பு உடலில் எரிந்து முடியும்போது, அதில் 8.4 கிலோகிராம் காபனீரொட்சைட்டாக மூச்சின் வழியே வெளியேறுகின்றது, எஞ்சிய 1.6 கிலோகிராமே நீராகின்றது. பள்ளியில் இரசாயனம் கற்ற நமக்கே இது வியப்பூட்டும். வயிற்றுத் தசைக்கு மாத்திரம் பயிற்சி கொடுத்தால் வயிற்றுக் கொழுப்பு மாத்திரம் கரையும் என்பதும் பிழையான எண்ணம். எவ்விடத்துக் கொழுப்பு முதலிற் செலவாக வேண்டும் என்பதை உடலே தீர்மானிக்கின்றது.

விரதங்களாற் கொழுப்புக் குறையாதா என்று சைவர் பலர் வினவுவர். உண்ணும் நேரத்தைச் சில மணித்தியாலங்களுக்குள் அடக்குதல் இன்று மேல்நாடுகளில் ஒரு புதுமையாகவே பரவியுள்ளது. சீனாவில் 139 பேரைக் கொண்டு ஓராண்டு நடத்தி 2022இல் வெளியான பரிசோதனையில், இரு பிரிவினருக்கும் ஒரே கலோரி வரம்பு விதித்து, ஒரு பிரிவினரை மாத்திரம் எட்டு மணித்தியாலத்துக்குள் உண்ணச் செய்தபோது, எடைக் குறைவிற் பெரிய வேறுபாடு தோன்றவில்லை. உண்ணும் மொத்த அளவு குறைந்தால் மாத்திரமே பயனுண்டு. வெள்ளிக்கிழமை ஒருவேளை உணவை விடுத்து, மறுவேளையில் இரு மடங்கு உண்போர் விரதத்தின் சமயப் பயனைப் பெறலாம். இடையளவிற் பயன் பெறார்.

தராசின் முள் அசையாவிடத்தும் நடை வீணாகாது என்றோம். அதற்குச் சான்று தமிழகத்திலேயே உண்டு. சென்னையில் இராமச்சந்திரன் என்னும் வைத்தியர் தலைமையில் நடந்து, 2006இல் வெளியான ஆராய்ச்சியில், சலரோகம் என்று நம் முதியோர் வழங்கும் நீரிழிவின் வாயிலில் நின்ற 531 பேர் சேர்க்கப்பட்டனர். ஒரு பிரிவினருக்கு வழமையான ஆலோசனை. இன்னொரு பிரிவினருக்கு உணவுச் சீர்திருத்தமும் நாள்தோறும் அரைமணி நேர விரைவு நடையும். மற்றையோருக்கு மருந்தும் சேர்க்கப்பட்டது. மூன்றாண்டு அளவில், முதற்பிரிவில் 55 சதவீதத்தினருக்கு நீரிழிவு தோன்றியது. நடையும் உணவு ஒழுங்கும் கைக்கொண்ட பிரிவில் 39.3 சதவீதத்தினருக்கே தோன்றியது. இவர்களின் எடை பெரிதாய்க் குறைந்துவிடவில்லை என்பதே கவனிக்க வேண்டியது. தொழில் காரணமாக முன்னரே அரைமணிக்கு மேல் நடந்தோரும் துவிச்சக்கர வண்டி மிதித்தோரும் அதனையே தொடருமாறு கூறப்பட்டனர். தனியே வேறு பயிற்சி விதிக்கப்படவில்லை.

தெற்காசியராகிய நமக்கு இது பெரிதும் வேண்டப்படுவது. நீரிழிவு நம்மவரை ஐரோப்பியரைக் காட்டிலும் இளவயதிலும் குறைந்த எடையிலும் பற்றுகின்றது. புனே நகரத்து யஜ்னிக், இலண்டன் நகரத்து யுட்கின் ஆகிய இரு வைத்தியர்கள் 2004இல் தம் படத்தைத் தாமே வெளியிட்டு ஒரு பாடம் கற்பித்தனர். கிலோகிராமிற் கூறிய எடையை, மீற்றரிற் கூறிய உயரத்தின் வர்க்கத்தாற் பிரிக்க வரும் உடற்திணிவுச் சுட்டெண் இருவருக்கும் 22.3 என ஒரே அளவினதாய் இருந்தது. ஆயினும் உடற்கொழுப்பு யுட்கினுக்கு 9.1 சதவீதமும் யஜ்னிக்குக்கு 21.2 சதவீதமுமாக இருந்தது. மெலிந்தவர் போலத் தோன்றி உள்ளே கொழுப்பைச் சுமந்து திரிவோர் நம்மிடையே பலர். இதுபற்றியே, ஐரோப்பியருக்கு 25 என்றிருந்த எச்சரிக்கை எல்லைக்குப் பதிலாக ஆசியருக்கு 23ஐக் கவனத்திற் கொள்ளுமாறு உலக சுகாதார ஸ்தாபனத்தின் அறிஞர் குழு 2004இல் கூறியது. இடையின் சுற்றளவு ஆண்களுக்கு 90 சென்றிமீற்றரையும் பெண்களுக்கு 80 சென்றிமீற்றரையும் எட்டாதிருத்தல் நன்று.

இனி நாளினுள் அசைவைப் புகுத்தும் வழி. அதே ஸ்தாபனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டல், வளர்ந்தோர் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் வரை நடுத்தர உடலசைவு கொள்ளல் வேண்டும் என்கின்றது. ஒரே தொடர்ச்சியிற் பத்து நிமிடமாவது செய்தாலன்றிக் கணக்கிற் சேராது என்றிருந்த முன்னைய விதி அதில் நீக்கப்பட்டது. அலுவல் மிகுந்தோருக்கு இந்நீக்கம் பெரிய சலுகை. மூன்று நிமிடமும் நான்கு நிமிடமும் இப்போது செல்லும்.

பாடசாலையோ கந்தோரோ வீட்டிலிருந்து மூன்று கிலோமீற்றர் தூரத்தில் உள்ளதென்று கொள்வோம். மோட்டார் சைக்கிளிற் சென்றால் ஆறு நிமிடம். துவிச்சக்கர வண்டியில் அமைதியாக மிதித்தால் பன்னிரண்டு நிமிடம். போகவும் வரவும் நாம் இழப்பது பன்னிரண்டு நிமிடம்; பெறுவதோ இருபத்துநான்கு நிமிடத் தேகாப்பியாசம். ஐந்து நாளில் 120 நிமிடம் சேர்ந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை சந்தைக்கு நடந்து சென்று, மரக்கறிப் பையைக் கையிற் சுமந்து மீண்டால், எஞ்சிய முப்பதும் நிறைவேறும். உத்தியோக உயர்வு பெற்றவர் துவிச்சக்கர வண்டியிற் செல்வது மதிப்புக் குறைவென்று கருதும் மனப்பான்மையே இதற்குப் பெருந்தடை. இம்மனப்பான்மைக்கு மருந்து எந்த ஆராய்ச்சியாளரும் கண்டுபிடித்திலர்.

வெள்ளவத்தையிலிருந்து கோட்டைக்குப் புகையிரதத்திற் செல்வோர், மாலையிற் பம்பலப்பிட்டியில் இறங்கிக் கடலோரமாக நடந்து வீடு சேரலாம். அதே நேரத்திற் காலி வீதியிற் பஸ் வண்டிகள் பெரும்பாலும் நின்றுகொண்டிருக்கும். பனி கொட்டும் நாட்டில் உள்ளோருக்குப் படிகளே துணை. கனடாவின் மக்மாஸ்ரர் பல்கலைக்கழகத்தில், இளைஞர் சிலரை அறுபது படிகளை விரைந்தேறச் செய்து, நாளுக்கு மூன்று தடவை, வாரத்தில் மூன்று நாள், ஆறு வாரம் நடத்திய சிறு பரிசோதனை 2019இல் வெளியாயிற்று. அவர்களின் இருதய மூச்சு வலிமை சிறிதளவு உயர்ந்தது. மின்தூக்கியை எதிர்பார்த்து நிற்கும் நேரத்துக்குள்ளேயே மூன்று மாடி ஏறிவிடலாம். வெளிநாட்டு உறவினருடன் தொலைபேசியில் நிகழும் ஞாயிற்றுக்கிழமை நெடும்பேச்சை முற்றத்தில் உலாவியவாறே பேசினால், ஊர்ப்புதினம் முழுவதும் அறிவதற்குள் இரண்டு கிலோமீற்றர் நடந்துவிடுவோம்.

கோயில் வீதியைச் சுற்றி வருதலும் நடையே. ஆயினும் வழிபாட்டை நிமிடக் கணக்காற் கெடுத்தல் வேண்டா. கோயிலுக்குப் போய்வரும் வழியை விரைந்து நடந்து, உள்ளே அமைதியாக வலம் வருதல் இரண்டுக்கும் ஏற்றது. பிள்ளையார் முன்னிலையில் இடும் தோப்புக்கரணத்தை மூன்றுடன் நிறுத்திக்கொள்வது பெரியோர் வழக்கம். அதனையே வீட்டில், சோறு வேகும் வேளையில், பத்துப் பன்னிரண்டு தடவை தாழ அமர்ந்து எழுந்தால் தொடைத் தசைகளுக்கு அதனினும் சிறந்த எளிய பயிற்சியில்லை. முழங்கால் நோவுள்ளவர் கதிரையிலிருந்து கையூன்றாமல் எழுந்து அமரலாம். சுவரிற் கையூன்றித் தண்டால் எடுத்தலும் இத்தகையதே. வாரத்தில் இரு நாளாவது தசைகளுக்கு இவ்வாறு வேலை கொடுத்தல் வேண்டும் என்பது மேற்கூறிய வழிகாட்டலின் இன்னொரு பகுதி. உணவை மாத்திரம் குறைத்து எடையிழப்போர் கொழுப்புடன் தசையையும் இழக்கின்றனர். நாற்பதைக் கடந்தவர் அவ்விழப்பை எளிதில் மீட்க மாட்டார்.

நேரமின்மையைப் பற்றிப் பேசும் நாம், வீட்டிலே நம்மினும் நேரமற்ற ஒருவர் இருப்பதை மறத்தலாகாது. மனைவியும் உத்தியோகம் பார்த்து, திரும்பி வந்து சமையலறையிலும் பணி செய்கின்ற வீடுகள் இன்று பல. பழைய மாணவர் மாலையில் முற்றத்தைக் கூட்டி, திருவலையில் இருந்து தேங்காய் திருவி, கிணற்றில் இருபது வாளி நீர் அள்ளுவாராயின், அவருக்குத் தேகாப்பியாசம் ஆயிற்று. அவர் துணைவிக்கு அரைமணி நேர நடைக்கு வழியும் பிறந்தது. சோற்றின் அளவைக் குறைக்கும் முயற்சியும் பரிமாறுபவரின் உடன்பாடின்றி நிறைவேறாது. "இன்னும் கொஞ்சம் போடட்டா?" என்னும் அன்பான வினாவை எதிர்த்து நிற்கும் உறுதி எல்லோரிடமும் இல்லை.

சில எச்சரிக்கைகளும் கூறுதல் கடன். நடக்கும்போது நெஞ்சில் இறுக்கமோ, மீறிய மூச்சுத் திணறலோ உண்டானவர் வைத்தியரைக் கண்ட பின்னரே மேலே தொடங்கல் வேண்டும். நீரிழிவுக்கு இன்சுலின் ஊசியோ, குருதிச் சீனியைத் தாழ்த்தும் சிலவகை மாத்திரைகளோ கொள்பவர், வெறுவயிற்றில் நீண்ட தூரம் நடத்தல் ஆபத்து. நடுக்கமும் குளிர்ந்த வியர்வையும் தோன்றின் உடனே இனிப்பு ஏதேனும் உண்ணல் வேண்டும். காலில் உணர்ச்சி குறைந்த நீரிழிவு நோயாளர் நண்பகலிற் கோயில் வீதியின் சுடுமணலில் வெறுங்காலுடன் நடந்து, புண்ணானதை மறுநாளே அறிந்து வருந்துவதுண்டு. அத்தகையோர் அதிகாலையிலோ, மணல் குளிர்ந்த பின்னரோ சென்று வருதலை முருகப்பெருமான் குறையாகக் கொள்ளமாட்டார்.

தொடங்கும் முறை எளிது. முதல் வாரத்தில் நாளுக்குப் பத்து நிமிடம். அதன்பின் வாரந்தோறும் ஐந்து நிமிடம் கூட்டிச் செல்லலாம். பேச இயலும், ஆயினும் பாட இயலாது என்னும் அளவே நடுத்தர வேகம். சீனியை ஒரே நாளில் விட இயலாதவர் வாரத்துக்கு அரைக் கரண்டியாகக் குறைத்து வந்தால், நாவு தானே பழகிக்கொள்ளும். தராசில் நாள்தோறும் ஏறி மனங்கலங்க வேண்டா. நீரின் ஏற்ற இறக்கத்தாலேயே எடை ஒரு கிலோகிராம் அளவு மாறும். தையற்காரர் பயன்படுத்தும் அளவு நாடாவொன்று போதும். மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை காலை, உணவுக்கு முன், கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவே நாடாவைச் சுற்றி, வயிற்றை உள்ளிழுக்காது மூச்சை இயல்பாக வெளிவிட்டு அளந்து, வந்த எண்ணைச் சுவரிலுள்ள நாட்காட்டியில் அத்திகதியின் கீழ்க் குறித்து வைக்கலாம்.